கிளவுடில் பல கம்ப்யூட்டர்கள்: வாசல் எது, கிட்டங்கி எது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக் கொள்வது, இருக்கும் ஒரு கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைப்பது. அதற்கு அடுத்த படி, நம்மிடம் இல்லாத கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து வேலை வாங்குவது. இதைத்தான் கிளவுட் என்கிறோம். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் உள்ள பெரிய கம்ப்யூட்டரின் ஒரு பகுதி, மணிக்கு இவ்வளவு என்ற வாடகையில், தனிக் கம்ப்யூட்டர் போல நமக்குக் கிடைக்கிறது.

ஒரு கம்ப்யூட்டர் எடுப்பது எளிது. நான்கைந்து கிளிக்கில் முடிந்துவிடும். இரண்டு, மூன்று என்று எடுக்கும்போதுதான் கேள்விகள் வரும். எதற்கு எந்த முகவரி? எது எதனோடு பேசலாம்? வெளியுலகம் எதைப் பார்க்கலாம்? இந்தக் கேள்விகளுக்கான பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைப்பதே விர்ச்சுவல் நெட்வொர்க் ப்ரொஃபைல். கம்ப்யூட்டர்களை எடுப்பதற்கு முன் இதனை எழுதிவிட வேண்டும். ஏன் என்பதனையும், எப்படி என்பதனையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே, செலவில்லாமல் செய்து பார்க்க ஒரு பயிற்சியும் உண்டு.

நம் ஊர்ப் பாடம்

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பெரிய ஒரே கட்டடமாக எந்த ஆலையும் இருக்காது. மருந்து கலக்கும் அறை தனி, மருந்து செலுத்தும் அறை தனி, பெட்டி போடும் இடம் தனி. அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டிருப்பார்கள். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. 2008ஆம் ஆண்டின் வெடிமருந்து விதிகள் இவற்றைக் கேட்கின்றன. காரணத்தை இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓர் அறையில் நேர்ந்தது அடுத்த அறைக்குப் போகக் கூடாது.

நெட்வொர்க் அமைப்பதற்கும் இதுவே முதல் விதி. ஒரு கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழைந்துவிட்டாலும், அவன் அடுத்த கம்ப்யூட்டருக்குப் போக வழி இருக்கக் கூடாது. ஆலை கட்டிய பிறகு அறைகளைத் தள்ளி வைக்க முடியாது அல்லவா? நெட்வொர்க்கும் அப்படித்தான்.

இதனைப் பொருட்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜனவரியில் உலகமே பார்த்த உதாரணம் உண்டு. மோங்கோ டிபி என்ற டேட்டாபேஸை நிறுவிய பலர், பாஸ்வேர்ட் வைக்காமல், இன்டர்நெட்டில் யாரும் தொடும்படி அதனைத் திறந்து விட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கான டேட்டாபேஸ்கள் சில வாரங்களில் அழிக்கப்பட்டன. உள்ளே இருந்த தகவல்களுக்குப் பதிலாக, பணம் கட்டினால் திருப்பித் தருகிறோம் என்ற ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. பணம் கட்டிய பலருக்கும் தகவல் திரும்பக் கிடைக்கவில்லை. யாரும் பூட்டை உடைக்கவில்லை. கதவே இல்லை.

எடுத்துக்காட்டு: ஒரு காலண்டர் கடை

விருதுநகரை அடுத்த சூலக்கரையில் ஒருவர், சிவகாசி அச்சகங்களுக்காகக் காலண்டர் ஆர்டர் எடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். (பட்டாசை எடுத்துக்காட்டாகச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. பட்டாசுகளை இணைய வணிகத் தளங்கள் வழியே விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது.) ஆடி 18 அன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்று தொடங்கும் ஓட்டம் மார்கழி வரை நிற்காது. தை பிறந்தால் கடை அமைதியாகிவிடும். ஆறு மாதத்துக்கு மட்டும் தேவைப்படும் கம்ப்யூட்டர்களை விலைக்கு வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது லாபம்.

இவருக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் தேவை.

1. முன்கடை: வாடிக்கையாளர் பார்க்கும் வெப் சர்வர். காலண்டர் படங்களும் ஆர்டர் படிவமும் இதில் இருக்கும்.
2. கணக்கு அறை: விலை, கழிவு, வரி ஆகியவற்றைக் கணக்கிடும் புரோகிராம் இதில் ஓடும்.
3. கிட்டங்கி: வாடிக்கையாளர் பெயர், போன் எண், பாக்கித் தொகை எல்லாம் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ்.

விருதுநகர் மார்க்கெட்டில் கிட்டங்கிக் கதவைத் தெருவைப் பார்த்துத் திறந்து போட்டுவிட்டு யாராவது சாப்பிடப் போவார்களா? கிளவுடில் இதனைப் பலரும் செய்கிறார்கள். மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் தெரு வாசல் கொடுத்துவிடுகிறார்கள். நம் ப்ரொஃபைலில் முன்கடைக்கு மட்டுமே தெரு வாசல்.

முகவரிகள்

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐ.பி. முகவரி உண்டு. உலகம் முழுதும் செல்லும் பொது முகவரி ஒரு வகை. ஒரு கட்டடத்துக்குள் மட்டும் செல்லும் உள் முகவரி இன்னொரு வகை. உள் முகவரிக்கென்று மூன்று வரிசைகளை 1996ஆம் ஆண்டிலேயே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அவை 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை. உங்கள் வீட்டு வை-ஃபை ரௌட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். அது இந்த மூன்றாவது வரிசை.

கிளவுடுக்கு வரிசை தேர்ந்தெடுக்கும்போது 192.168.1 வேண்டாம். பிற்பாடு கடைக் கம்ப்யூட்டரையும் கிளவுட் நெட்வொர்க்கையும் நேரடியாக இணைக்க விரும்பினால், இரண்டு பக்கமும் ஒரே கதவு எண்கள் இருக்கும். தபால்காரர் எந்த வீட்டுக்குப் போவார்? அமேசானில் கணக்குத் தொடங்கினால் தானாகக் கிடைக்கும் நெட்வொர்க்கிலும் இதே சிக்கல். அது எல்லோருக்கும் 172.31 என்றே தொடங்குகிறது. அப்படிப்பட்ட இரண்டு நெட்வொர்க்குகளை நேராக இணைக்க முடியாது. தொடக்கத்தில் கொடுத்த வரிசையைப் பின்னால் மாற்றவும் அமேசான் விடாது.

நாம் 10.20.0.0/16 என்பதனை எடுத்துக் கொள்வோம். கடைசியில் உள்ள 16 என்பது, முகவரியின் 32 பிட்களில் முதல் 16 பிட்கள் மாறாதவை என்று சொல்கிறது. மீதி 16 பிட்களில் 65,536 முகவரிகள் கிடைக்கும். இதனை ஊர் என்று கொள்ளுங்கள். ஊருக்குள் மூன்று தெருக்கள் போடுவோம். ஒவ்வொரு தெருவுக்கும் சப்நெட் என்று பெயர்.

முன்கடைத் தெரு: 10.20.1.0/24
கணக்குத் தெரு: 10.20.2.0/24
கிட்டங்கித் தெரு: 10.20.3.0/24

/24 என்றால் ஒரு தெருவுக்கு 256 எண்கள். ஆனால் அமேசானும் மைக்ரோசாப்ட்டின் அஷூரும் ஒவ்வொரு தெருவிலும் 5 எண்களைத் தங்களுக்கு எடுத்துக் கொள்ளும். கூகுள் 4 எடுக்கும். ஆகவே நமக்கு 251 அல்லது 252 கிடைக்கும். மூன்று கம்ப்யூட்டருக்கு இத்தனை எண்கள் எதற்கு என்று கேட்கலாம். ஆடியில் முன்கடை ஒன்று மூன்றாகும், ஐந்தாகும். உள் முகவரிகளுக்குக் காசு இல்லை. தாராளமாக விடுங்கள்.

கதவுகள்

ஒரு கம்ப்யூட்டருக்குப் பல கதவுகள் உண்டு. அவற்றைப் போர்ட் என்பார்கள். வெப் தளம் 80, 443 எண்களிலும், மை-எஸ்கியூஎல் டேட்டாபேஸ் 3306இலும், லினக்ஸ் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்கும் எஸ்எஸ்எச் 22இலும் இயங்கும். எந்தக் கதவை யாருக்குத் திறப்பது என்று சொல்வதே ஃபயர்வால் விதி. நம் கடைக்கான விதிகள் இவை.

1. முன்கடை: 80, 443 எல்லோருக்கும்.
2. கணக்கு அறை: 8080 முன்கடைக்கு மட்டும்.
3. கிட்டங்கி: 3306 கணக்கு அறைக்கு மட்டும்.
4. கதவு 22: உங்கள் சொந்த முகவரிக்கு மட்டும், அதுவும் முன்கடை வழியாக மட்டும்.
5. மற்ற அனைத்தும் மூடியிருக்கும்.

விதிகளில் 0.0.0.0/0 என்று பார்த்தால் கவனம். உலகில் உள்ள எல்லோரும் என்று அதற்குப் பொருள். முதல் விதியைத் தவிர வேறெங்கும் அது வரக் கூடாது.

வீட்டிலேயே ஒரு பயிற்சி

விர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேர், உங்கள் கம்ப்யூட்டருக்குள் இன்னும் சில கம்ப்யூட்டர்களை உருவாக்கும். குறைந்தது 8 ஜிபி ராம் இருந்தால் நல்லது. இந்தப் பயிற்சிக்கு முன்கடை, கிட்டங்கி என இரண்டு போதும்.

1. விர்ச்சுவல் பாக்ஸில் ஒரு புதிய மெஷினை உருவாக்கி, அதில் லுபுண்டு லினக்ஸை நிறுவவும். இது எடை குறைந்த சிஸ்டம். 2 ஜிபி ராம் கொடுத்தால் போதும்.

2. அந்த மெஷினை அணைத்துவிட்டு, ரைட் கிளிக் செய்து குளோன் என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். இரண்டாவது மெஷின் கிடைக்கும். அப்போது எல்லா நெட்வொர்க் அடாப்டர்களுக்கும் புதிய மேக் முகவரி உருவாக்கு என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுக்க மறவாதீர்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு பிறந்து, நெட்வொர்க்கில் குழப்பம் செய்யும்.

3. இரண்டு மெஷினிலும் இப்போது நாட் என்ற இணைப்பு இருக்கும். இதன் வழியே இன்டர்நெட் கிடைக்கும். தேவையான சாப்ட்வேர்களை இப்போதே இறக்கிவிட வேண்டும். டெர்மினல் திறந்து சுடோ, ஆப்ட், இன்ஸ்டால், அப்பாச்சி2 என்ற நான்கு சொற்களையும் ஆங்கிலத்தில், இடைவெளி விட்டு டைப் செய்து என்டர் தட்டவும். முன்கடையில் வெப் சர்வர் தயார். கிட்டங்கி மெஷினில் கடைசிச் சொல்லுக்குப் பதில் மரியாடிபி-சர்வர் என்று கொடுக்கவும். நடுவில் சிறு கோடு உண்டு.

4. இரண்டையும் அணைக்கவும். கிட்டங்கியின் செட்டிங்ஸ் சென்று, நெட்வொர்க், அடாப்டர் 1 என்ற இடத்தில் நாட் என்பதனை இன்டர்னல் நெட்வொர்க் என்று மாற்றவும். பெயர்க் கட்டத்தில் வருவதை அப்படியே விடலாம்.

5. முன்கடையின் அடாப்டர் 1இல் நாட் அப்படியே இருக்கட்டும். அடாப்டர் 2ஐ இயக்கி, அதற்கு இன்டர்னல் நெட்வொர்க் கொடுக்கவும். பெயர், கிட்டங்கியில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு தெரு.

6. இந்த உள் நெட்வொர்க்கில் முகவரி கொடுக்க ஆள் இல்லை. நாமே கொடுக்க வேண்டும். லுபுண்டுவின் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பகுதியில், ஐபிவி4 என்பதில் மேனுவல் தேர்ந்தெடுத்து, முன்கடையின் இரண்டாவது இணைப்புக்கு 10.20.3.5 என்றும், கிட்டங்கிக்கு 10.20.3.10 என்றும் கொடுக்கவும். நெட்மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0. கேட்வே கட்டத்தைக் காலியாக விடவும். அதில் எதையாவது போட்டால் முன்கடைக்கு இன்டர்நெட் வழி தெரியாமல் போகலாம்.

இரண்டுக்கும் ஏன் 10.20.3 தெருவிலேயே முகவரி கொடுத்தோம்? ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக ரௌட்டர் வேண்டும். கிளவுட் நிறுவனங்கள் அதனைத் தாமே தருகின்றன. நம் பயிற்சியில் அது இல்லை. ஆகவே முன்கடைக்குத் தெருப் பக்கம் ஒரு கை, கிட்டங்கிப் பக்கம் ஒரு கை என்று கொடுத்திருக்கிறோம்.

7. முன்கடையின் அடாப்டர் 1இல் போர்ட் ஃபார்வர்டிங் என்பதில் கிளிக் செய்து ஒரு விதி சேர்க்கவும். ஹோஸ்ட் ஐ.பி. 127.0.0.1, ஹோஸ்ட் போர்ட் 8080, கெஸ்ட் போர்ட் 80. இதுதான் தெரு வாசல்.

இனி சோதனை. உங்கள் விண்டோஸ் பிரவுசரில் 127.0.0.1:8080 என்று டைப் செய்திடவும். முன்கடையின் அப்பாச்சி பக்கம் தெரிய வேண்டும். முன்கடை டெர்மினலில் பிங் கட்டளை கொடுத்து 10.20.3.10 என்று கேட்கவும். பதில் வர வேண்டும். அதே கேள்வியை உங்கள் விண்டோஸின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் கேட்கவும். பதில் வரக் கூடாது. கிட்டங்கியிலிருந்து ஏதேனும் இணைய தளத்தைத் திறந்து பார்க்கவும். அதுவும் திறக்கக் கூடாது.

பலர் முதல் இரண்டைப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். பின் இரண்டும் தோற்றால்தான் நெட்வொர்க் சரி. ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல், ஓடக் கூடாதது ஓடாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. லுபுண்டுவில் நிறுவிய மரியாடிபி, தன் கம்ப்யூட்டருக்குள் இருந்து வரும் கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். முன்கடையிலிருந்து கேட்க வேண்டுமானால், அதன் செட்டிங்ஸ் பைலில் பைண்ட்-அட்ரஸ் என்ற வரியை மாற்ற வேண்டும். அங்கே 0.0.0.0 என்று போடுங்கள் என்று பலர் சொல்லக் கேட்பீர்கள். அது எல்லாப் பக்கக் கதவையும் திறந்துவிடும். 10.20.3.10 என்று உள் முகவரியை மட்டும் கொடுங்கள்.

கிளவுடுக்குப் போகும்போது

முதலில் ரீஜன், அதாவது கம்ப்யூட்டர்கள் இருக்கும் ஊர். அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் தொடங்கியது. அஷூர் 2015இல் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் வந்தது. கூகுள் 2017இல் மும்பையிலும் 2021இல் டெல்லியிலும் தொடங்கியது. நமக்கு அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மூன்று கம்ப்யூட்டர்களும் ஒரே ஊரில் இருப்பது அதைவிட முக்கியம். முன்கடை மும்பையிலும் கிட்டங்கி அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் இருந்தால், ஒவ்வொரு கேள்வியும் சுமார் 13,000 கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர மட்டும் 130 மில்லி செகண்ட். ஒரு பக்கத்தைக் காட்ட 20 கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் இரண்டரை நொடிக்கு மேல் வீண்.

அடுத்து இன்டர்நெட் வழி. அமேசானில் முன்கடைத் தெருவின் ரௌட் டேபிளில் மட்டும் இன்டர்நெட் கேட்வேக்கு வழி கொடுக்கவும். மற்ற இரண்டு தெருக்களுக்கும் அந்த வரி வேண்டாம். பொது முகவரியும் முன்கடைக்கு மட்டும். 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் என்று அமேசான் கட்டணம் வசூலிக்கிறது. தேவையில்லாத வாசலுக்கு வாடகையும் கட்ட வேண்டுமா?

அடுத்து விதிகள். இங்கே நிறுவனத்துக்கு நிறுவனம் தொடக்க நிலை மாறுகிறது. அமேசானில் புதிதாக உருவாக்கும் செக்யூரிட்டி குரூப்பில், உள்ளே வரும் கதவுகள் எல்லாம் மூடியிருக்கும். வேண்டியதைத் திறந்தால் போதும். அஷூரில், ஒரே விர்ச்சுவல் நெட்வொர்க்குக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசலாம் என்ற விதி முன்கூட்டியே இருக்கும். முன்கடையிலிருந்து கிட்டங்கிக்கு நேரே போவதைத் தடுக்க, நாமே ஒரு தடை விதி எழுத வேண்டும். கூகுளில் டிஃபால்ட் என்ற பெயரில் நெட்வொர்க் கிடைத்தால், அதில் 22, 3389 ஆகிய கதவுகள் உலகத்துக்கே திறந்திருக்கும். அதனைப் பயன்படுத்தாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிக் கொள்ளவும்.

விதியில் யாருக்கு என்ற இடத்தில் ஐ.பி. முகவரிக்குப் பதிலாக ஒரு குழுவின் பெயரைக் கொடுக்கலாம். அமேசானில் இன்னொரு செக்யூரிட்டி குரூப், அஷூரில் அப்ளிகேஷன் செக்யூரிட்டி குரூப், கூகுளில் நெட்வொர்க் டேக். கிட்டங்கிக் கதவு 3306 கணக்குக் குழுவுக்கு மட்டும் என்று எழுதிவிட்டால், ஆடியில் கணக்கு அறைகள் ஐந்தானாலும், தையில் ஒன்றாகக் குறைந்தாலும் விதியைத் தொட வேண்டியதில்லை. பல கம்ப்யூட்டர்களைக் கையாளும்போது இது பெரிய நிம்மதி.

ப்ரொஃபைலைப் பைலாக வைப்போம்

இவற்றை எல்லாம் திரையில் கிளிக் செய்து செய்திடலாம். அடுத்த ஆடியில் மீண்டும் செய்யும்போது எதை மறந்தோம் என்று தெரியாது. டெர்ராஃபார்ம் போன்ற சாப்ட்வேரில் ஊர், தெரு, கதவு எல்லாவற்றையும் ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதிவிட்டால், ஒரே கட்டளையில் முழு நெட்வொர்க்கும் எழுந்து நிற்கும். சீசன் முடிந்ததும் இன்னொரு கட்டளையில் கலைத்துவிடலாம். ஆனால் கலைக்கும் முன் கிட்டங்கியின் பேக்அப் எடுத்து, வேறிடத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த டெக்ஸ்ட் பைலில் பாஸ்வேர்ட் எழுதவே கூடாது.

உடனே இதற்குப் போக வேண்டியதில்லை. முதலில் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று தெருக்களை வரைந்து, எந்தக் கதவு யாருக்கு என்று அம்புக்குறி போடுங்கள். கிட்டங்கியை நோக்கி ஒரே ஓர் அம்புதான் வர வேண்டும். இரண்டாவது அம்பு வந்தால், அது எதற்கு என்று உங்களையே கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதனை அழித்துவிடுங்கள். பிறகு விர்ச்சுவல் பாக்ஸ் பயிற்சியைச் செய்யுங்கள். நான்கு சோதனைகளும் சரியாக வந்த பின் கிளவுடில் கணக்குத் தொடங்குங்கள். தொடங்கிய அன்றே, செலவு இவ்வளவைத் தாண்டினால் மெயில் வரும்படி பட்ஜெட் எச்சரிக்கை ஒன்றையும் வைத்துவிடுங்கள். அணைக்க மறந்த கம்ப்யூட்டருக்கும் வாடகை ஓடிக் கொண்டேதான் இருக்கும்.